ஞாயிற்றின் எல்லையும் ஹந்தானைச் சாரலும்

மாணவர் கேட்கும் கேள்விகளுள் சில, ஆசிரியரின் உறக்கத்தைக் கெடுக்க வல்லவை. அத்தகைய கேள்வி ஒன்றைச் சில காலத்துக்கு முன் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். ஞாயிற்றுத் தொகுதியின் கடைக்கோடியிலுள்ள பனிக்கட்டி உலகங்களுக்கு மனிதன் அனுப்பிய இயந்திரத் தூதனைப் பற்றி வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து அவன் எழுந்தான். “ஐயா, அங்கே ஆள் இல்லை, மரம் இல்லை, உண்ண ஒரு பிடி சோறும் இல்லை. வெறும் பனிக்கட்டியைப் பார்த்து வர எதற்காக இத்தனை பாடு?” என்றான்.

மற்றவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து விடியுமுன் எழுந்து பஸ் ஏறி வருபவன் அவன். பணத்தின் அருமையைப் பாடநூலிலன்றி வீட்டிலே கற்றவன். அவனுடைய கேள்வி குறும்புக் கேள்வியன்று, நேர்மையான கேள்வி. அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோதுதான், அவ்விடையின் ஒரு பாதி நமது கண்டி நகருக்கு மிக அண்மையிலே, ஹந்தானை மலைச்சாரலிலே இருப்பது நினைவுக்கு வந்தது. அதனை அவனுக்கும் அவனைப் போன்ற பிறருக்கும் சொல்ல விரும்பியே இதனை எழுதுகிறேன்.

கண்ணுக்கு எட்டிய ஐந்தும் எட்டாத மூன்றும்

கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குச் செல்லும் சிறுவர்கள் நவக்கிரகங்களை வலம் வந்து வணங்குவதைக் காண்கிறோம். அவ்வொன்பதிலே ஞாயிறும் திங்களும் உண்டு. இராகு கேது என்னும் நிழற்கிரகங்கள் உண்டு. எஞ்சியவை செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்னும் ஐந்து. வெறுங் கண்ணால் வானை நோக்கிய நம் முன்னோர் கண்டறியக்கூடிய கோள்கள் இவ்வைந்தே. யுறேனசு 1781ஆம் ஆண்டிலும், நெப்தியூன் 1846ஆம் ஆண்டிலும் தொலைகாட்டியின் உதவியால் அறியப்பட்டன.

புளூட்டோவைக் கண்டவர் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே பயிர்த்தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த கிளைட் டொம்போ, ஆலங்கட்டி மழையாற் பயிர் அழிந்து போனமையால் கல்லூரிக்குச் செல்ல வழியற்றிருந்தார். தம் கையாலேயே தொலைகாட்டி செய்து, செவ்வாயையும் வியாழனையும் பார்த்து வரைந்த படங்களை லோவெல் வான் ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார். அப்படங்களே அவருக்கு அங்கு வேலை வாங்கித் தந்தன. வெவ்வேறு இரவுகளில் எடுத்த படங்களை மாற்றி மாற்றி ஒப்புநோக்கி, இடம்பெயரும் புள்ளி ஏதேனும் உண்டா என்று தேடுவதே அவர் பணி. 1930ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் அப்புள்ளி அவர் கண்ணிற் பட்டது. அப்போது அவருக்கு வயது 24. புதிய உலகுக்குப் புளூட்டோ என்னும் பெயரைச் சொன்னவளோ ஒக்ஸ்போர்ட் நகரைச் சேர்ந்த 11 வயதுச் சிறுமி. வெனிசியா பேர்னி என்பது அவள் பெயர்.

புளூட்டோ தனித்த உலகமன்று என்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. வியட்நாமிலிருந்து அகதியாக அமெரிக்கா சென்று வளர்ந்த ஜேன் லூ என்னும் பெண்மணியும், அவருடைய ஆசிரியரான டேவிட் ஜூவிட்டும் ஐந்து ஆண்டுகள் பொறுமையுடன் தேடி, 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் புளூட்டோவுக்கு அப்பால் மற்றொரு சிற்றுலகைக் கண்டனர். அதன்பின் அத்தகைய உலகங்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டன. நெப்தியூனுக்கு வெளியே ஞாயிற்றைச் சூழ்ந்து கிடக்கும் இப்பனிக்கட்டி வளையத்துக்கே கைப்பர் வளையம் என்று பெயர். புளூட்டோவுக்கு நிகரான பருமனுடைய ஏரிசு என்னும் உலகமும் அறியப்பட்ட பின்னர், 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் நாள் பிராக் நகரில் கூடிய வானியலாளர், புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கோள் என வகுத்தனர். அவ்வாறு வகுத்ததனால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை. ஒன்பதாவது கோளாக ஒதுங்கி நின்ற ஒன்று, இதுவரை அறியப்படாத பெரியதொரு கூட்டத்தின் முதல்வனாக நமக்கு அறிமுகமாயிற்று.

மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து பேராதனை வரை

அவ்வளையம் எவ்வளவு தொலைவில் உள்ளது? கோடிகளை எண்ணிச் சொன்னால் மனத்தில் எதுவும் பதியாது. ஆகவே நாம் அறிந்த வீதியொன்றிலே அளந்து பார்ப்போம்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தின் அடியில், ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள உருண்டை ஒன்றை வைத்து, அதனை ஞாயிறு என்று கொள்வோம். அங்கிருந்து 100 மீற்றர் நடந்தால், ஒரு கடலையின் அளவாகப் பூமி இருக்கும். அப்பூமியிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்திலே சந்திரன் இருக்கும். மனிதன் காலடி வைத்துள்ள மிகத் தொலைவான இடம் அதுவே, ஒரு சாண்! வியாழனைக் காண அரைக் கிலோமீற்றர் நடக்க வேண்டும். பேராதனை வீதி வழியே மேலும் நடந்து, 3 கிலோமீற்றர் சென்றால் நெப்தியூன். அதற்கும் அப்பால், 3.3 கிலோமீற்றர் தூரத்தில், கடுகளவாகக் கிடப்பது புளூட்டோ. இது 2015ஆம் ஆண்டில் அது இருந்த தூரம். ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர 248 ஆண்டுகள் எடுக்கும் புளூட்டோ சில காலம் ஞாயிற்றை அணுகியும், சில காலம் மிக விலகியும் செல்லும் இயல்பினது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் எரியும் ஒளி, அவ்வளவு தூரத்துக்கு அப்பால் எப்படித் தோன்றும்? நாம் பெறும் வெயிலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே அங்கு கிடைக்கும். ஆயினும் அது கும்மிருட்டன்று. ஞாயிறு மறைந்த சிறிது நேரத்தில் மகாவலிக் கரையில் எஞ்சியிருக்கும் வெளிச்சத்தை நினைத்துக்கொள்ளலாம். புளூட்டோவின் நண்பகல் அத்தகையது. குளிரோ நம் நினைவுக்கு அடங்காதது. தை மாத விடியலிலே நுவரெலியாவின் புல்வெளிகளில் உறைபனி படிந்து, தேயிலைத் துளிர் கருகுவதைக் கண்டிருக்கிறோம். அது பூச்சியப் பாகையை ஒட்டிய குளிர். புளூட்டோவிலோ பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 230 பாகை செல்சியசு. நாம் மூச்சிழுக்கும் காற்றின் பெரும்பகுதியாகிய நைதரசன், அங்கே பனிக்கட்டியாக நிலத்திலே கிடக்கிறது.

தூதன் புறப்பட்டான்

அவ்விடத்தை நோக்கி 2006ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் அமெரிக்காவின் கேப் கனவரலிலிருந்து ஒரு விண்கலம் ஏவப்பட்டது. நியூ ஹொரைசன்ஸ், அதாவது புதிய தொடுவானங்கள், என்பது அதன் பெயர். அதன் திணிவு 478 கிலோகிராம். அலன் ஸ்டேர்ன் என்னும் விஞ்ஞானியின் தலைமையில், மேரிலாந்து மாநிலத்திலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் அது உருவாயிற்று. புறப்படும்போது அதன் வேகம் செக்கனுக்கு 16 கிலோமீற்றருக்கு மேல். அவ்வேகத்திலே சென்றால் கண்டியிலிருந்து கொழும்புக்கு ஏழே செக்கன்களில் போய்விடலாம். அப்பலோ வீரர்கள் மூன்று நாள்களிற் சென்ற சந்திரனின் தூரத்தை இக்கலம் ஒன்பது மணி நேரத்திற் கடந்தது. 2007ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் வியாழனை அணுகி, அதன் ஈர்ப்பினால் மேலும் வேகம் பெற்றது. அதனாற் பயணத்தில் மூன்று ஆண்டுகள் குறைந்தன. எனினும் புளூட்டோவை அடைய ஒன்பதரை ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஞாயிற்றின் ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் தகடுகள் அத்தொலைவிலே பயன்படா. ஆகவே புளூட்டோனியம் என்னும் கதிர்வீசும் உலோகத்தின் வெப்பத்தையே மின்சாரமாக மாற்றும் கருவி அதிற் பொருத்தப்பட்டது. புளூட்டோவின் பெயரால் அழைக்கப்படும் உலோகமே தூதனைப் புளூட்டோவுக்குக் கொண்டு சென்றது. அங்கு சேர்ந்தபோது கிடைத்த மின்வலு ஏறத்தாழ 200 வாற்று; பழைய மின்குமிழ்கள் இரண்டை எரிக்கப் போதுமான அளவே. செய்தி அனுப்பும் கருவிக்கு வெறும் 12 வாற்று. அந்த மெலிந்த குரலையே பூமியிலுள்ள பேருருவ வானலை வாங்கிகள் செவிமடுத்துக் கேட்டன.

அக்கலத்திலே இரண்டு பொருள்கள் உள்ளன. அவை மாணவரின் மனத்தை விட்டு நீங்கலாகாதவை. ஒன்று, 1997ஆம் ஆண்டு காலமான கிளைட் டொம்போவின் அஸ்தியில் ஒரு சிறு பகுதி. தாம் கண்ட உலகை அவர் இவ்வாறு நேரிலே சென்று பார்த்தார். மற்றொன்று, விண்தூசை எண்ணும் ஒரு கருவி. அதனை அமைத்தவர்கள் பேர்பெற்ற விஞ்ஞானிகள் அல்லர். கொலராடோப் பல்கலைக்கழக மாணவர்கள்! கோள்களுக்குச் செல்லும் நாசாக் கலமொன்றில் மாணவர் அமைத்த கருவி இடம்பெற்றது அதுவே முதற்றடவை. அதற்குச் சூட்டிய பெயரும் பொருத்தமானது: வெனிசியா பேர்னி மாணவர் தூசு எண்ணி.

பத்து நாள் இருக்கையில் வந்த சோதனை

2015ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள். புளூட்டோவை அணுகப் பத்தே நாள்கள் இருந்தன. கலத்தின் குரல் திடீரென நின்றுவிட்டது. ஒன்பது ஆண்டு உழைப்பும் காத்திருப்பும் ஒரு கணத்தில் வீணாகிவிடுமோ என்று நிலையத்திலுள்ளோர் நெஞ்சம் பதைத்தனர். ஒரு மணி நேரத்துக்கு மேற் கழிந்த பின்னரே குரல் மீண்டும் கேட்டது. நிகழ்ந்தது யாதெனில், பழைய தகவல்களைச் சுருக்கும் வேலையையும், புதிய கட்டளைகளைப் பதிந்துகொள்ளும் வேலையையும் ஒரே வேளையிற் செய்ய முயன்ற தலைமைக் கணனி திணறிப்போயிற்று. உடனே கலம் தன்னைத் தானே காப்பு நிலையில் அமர்த்தி, துணைக் கணனியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, பூமியின் கட்டளைக்குக் காத்திருந்தது.

ஒளியின் வேகத்திற் செல்லும் கட்டளைகூட அங்கு சேர நாலரை மணி நேரம் எடுக்கும். விடை திரும்பிவர மேலும் நாலரை மணி நேரம். காலையில் ஒரு கேள்வி கேட்டால் மாலையிலேதான் விடை கிடைக்கும். அந்நிலையிலே அலிஸ் போமன் அம்மையாரின் பொறுப்பிலிருந்த குழுவினர், இரவு பகல் பாராது உழைத்து, மூன்று நாள்களில் யாவற்றையும் ஒழுங்குபடுத்தினர். பதற்றமின்றி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் செய்த வேலையே பயணத்தைக் காப்பாற்றியது. பரீட்சை மண்டபத்திலே மறதியால் தடுமாறும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஜூலை 14ஆம் நாள், நமது நேரப்படி மாலை 5 மணி 19 நிமிடத்துக்கு, கண்டியிலே கோவில் மாலைப் பூசைக்கு ஆயத்தமாகும் வேளையில், தூதன் புளூட்டோவிலிருந்து 12,500 கிலோமீற்றர் தூரத்திற் பறந்து சென்றான். தங்கி நிற்க வழியில்லை. அவ்வேகத்தைத் தணிக்க வேண்டிய எரிபொருளைச் சுமந்து செல்ல இயலாது. கலம் தன் கருவிகளை எல்லாம் புளூட்டோவின் மேற் குவித்திருந்தமையால், அந்நேரம் பூமியுடன் பேசவும் இல்லை. நலமாகக் கடந்துவிட்டேன் என்னும் செய்தி நமக்கு எட்டியபோது மறுநாட் காலை ஆறு மணி தாண்டியிருந்தது. அன்று சேர்த்த படங்களும் தகவல்களும் துளித்துளியாகப் பூமிக்கு வந்து முடிய 2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் ஆயிற்று.

உறைந்த உலகின் உயிர்ப்பு

செத்துக் கிடக்கும் ஒரு பனிக்கட்டி உருண்டையையே காணப் போகிறோம் எனப் பலர் எண்ணியிருந்தனர். கண்டதோ வேறு. 2,377 கிலோமீற்றர் விட்டமுள்ள அச்சிற்றுலகிலே, ஆயிரம் கிலோமீற்றர் அகலமுள்ள வெண்மையான சமவெளியொன்று பரந்து கிடந்தது. இலங்கை முழுவதையும் அதனுள் வைத்துவிடலாம். ஸ்புட்னிக் சமவெளி எனப் பெயரிடப்பட்ட அப்பரப்பில், விண்கற்கள் மோதிய வடு ஒன்றுகூடத் தென்படவில்லை. காரணம் யாது? அடியிலிருந்து சிறிதளவு வெப்பம் எழ, நைதரசன் பனிக்கட்டி அடுப்பிலேற்றிய கஞ்சி போல, ஆனால் மிக மிக மெதுவாக, மேலெழுந்தும் கீழ்ச்சென்றும் புரண்டு கொண்டிருக்கிறது. பழைய வடுக்கள் மறைந்து, நிலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

அச்சமவெளியின் ஓரத்திலே மலைகள் உள்ளன. நமது பிதுருதாலகாலை மலையின் உயரம் 2,524 மீற்றர். அங்குள்ள மலைத்தொடரொன்றின் சிகரங்களோ 6 கிலோமீற்றர் வரை உயர்ந்துள்ளன. அவை கல்லாலானவை அல்ல. நீர் உறைந்த பனிக்கட்டியாலானவை. அக்கடுங்குளிரில் நாம் தேநீருக்குக் கொதிக்க வைக்கும் நீரே கருங்கல்லைப் போல இறுகி மலையாய் நிற்கிறது. 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை முதன்முதல் அடைந்த இருவருள் ஒருவரான ரென்சிங் நோர்கேயின் பெயரே அம்மலைத்தொடருக்குச் சூட்டப்பட்டுள்ளது. பிறர் சுமையைத் தூக்கி மலையேறி வாழ்ந்த ஒரு கீழைநாட்டு உழைப்பாளியின் பெயர், ஞாயிற்றுத் தொகுதியின் எல்லையிலே நிலைபெற்றுவிட்டது.

வெண்மைக்கும் நீல மென்புகைக்கும் இடையில், புளூட்டோவின் நடுக்கோட்டை ஒட்டிப் பெரும்பரப்பொன்று செங்கபில நிறமாய்த் தோன்றிற்று. அதன் துணையுலகாகிய கேரனின் வடமுனையிலும் செந்நிறத் தொப்பி அணிவித்தாற்போல ஒரு மறு காணப்பட்டது. பனியிலே சிவப்பு எங்ஙனம் வந்தது? இக்கேள்வியே நம்மைக் கண்டிக்குத் திருப்பி அழைத்து வருகிறது.

ஹந்தானைச் சாரலில் எழுந்த கேள்வி

ஹந்தானை வீதி வழியே ஏறிச் செல்வோர், அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் என்னும் ஆராய்ச்சி நிலையத்தைக் கண்டிருப்பர். 1981ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டமொன்றினால் அமைக்கப்பட்ட அந்நிறுவகத்தின் முதற் பணிப்பாளர், விண்வெளித் தூசியிலே காபன் சேர்மங்கள் உள்ளன என்பதை ஆராய்ந்து புகழ்பெற்ற சந்திர விக்கிரமசிங்க. அவருக்குப் பின் 1984ஆம் ஆண்டு பொறுப்பேற்றவர் சிறில் பொன்னம்பெரும. அவர் காலத்திலே, எண்பதுகளின் நடுப்பகுதியில், நிறுவகம் ஹந்தானைக்கு வந்து சேர்ந்தது.

பொன்னம்பெருமவின் வரலாறு மாணவர் அறிந்திருக்க வேண்டியது. 1923ஆம் ஆண்டு காலியிலே பிறந்த அவர், 1948ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்றார். எத்துறையிலே? இரசாயனத்திலன்று, தத்துவத்திலே! உயிர் என்பது யாது, அது எங்கிருந்து வந்தது என்று தத்துவம் எழுப்பிய வினாவுக்குச் சோதனைக் குழாயிலே விடை தேட விரும்பினார் போலும். இலண்டனிலே மீண்டும் மாணவராகி இரசாயனம் கற்றார். பின்னர் கலிபோர்னியாவிலே, நோபல் பரிசு பெற்ற மெல்வின் கல்வினிடம் ஆராய்ச்சி செய்து 1962ஆம் ஆண்டு கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1963ஆம் ஆண்டு அவரும் உடனுழைத்தோரும் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஆனால் பெரும்பயன் விளைத்தது. மெதேன், அமோனியா, நீர் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி, அவற்றின்மீது இலத்திரன் கதிரைப் பாய்ச்சினர். அக்கலவையிலே அடினீன் என்னும் பொருள் தோன்றிற்று. தாய் தந்தையரின் இயல்புகளைப் பிள்ளைக்கு எடுத்துச் செல்லும் மரபுப் பொருளின் நான்கு எழுத்துகளுள் ஒன்று அது. சாதாரணப் பொருள்களிலிருந்து, உயிரின் எவ்விதக் கைத்துணையுமின்றி, உயிருக்கு வேண்டிய பொருள் உருவாக முடியும் என்பதை அது காட்டிற்று. நாசாவின் ஆய்வுகூடத்திலே, பின்னர் உலகப்புகழ் பெற்ற கார்ல் சேகனும் அவருடன் சேர்ந்து அத்தகைய சோதனைகள் செய்தார். 1969ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் ஊரில் விழுந்த விண்கல்லிலே அமினோவமிலங்கள் இருப்பதை மறு ஆண்டு அறிவித்த குழுவிலும் பொன்னம்பெரும முக்கியமானவர். சோதனைக் குழாயிலே கண்டது விண்ணிலும் நிகழ்கின்றது என்பதற்கு அவ்விண்கல் சாட்சியாயிற்று.

இனிப் புளூட்டோவின் செந்நிறத்துக்கு வருவோம். அங்கும் மெதேன் உண்டு; நைதரசன் உண்டு; நீர்ப் பனிக்கட்டி உண்டு. ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிரும், விண்வெளியிலிருந்து வரும் துகள்களும் அவற்றை இடையறாது தாக்குகின்றன. தாக்குண்ட எளிய மூலக்கூறுகள் உடைந்து, ஒன்றோடொன்று பின்னி, சிக்கலான காபன் சேர்மங்களாகின்றன. செம்மண் குழம்பைப் போன்ற நிறமுடைய இப்பொருளைச் சேகனும், இந்தியாவிலே பிறந்த பிஷுன் காரே என்னும் விஞ்ஞானியும் ஆய்வுகூடத்தில் உருவாக்கி, 1979ஆம் ஆண்டு தோலின் எனப் பெயரிட்டனர். புளூட்டோவின் செந்நிறம் பெரும்பாலும் அப்பொருளே என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். 1963ஆம் ஆண்டு ஒரு கண்ணாடிக் குடுவையிலே நிகழ்ந்ததைப் போன்ற இரசாயனத்தை, இயற்கை அங்கே ஓர் உலகளவிலே, கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடத்தி வருகிறது.

உயிரோ, அடினீனோ புளூட்டோவிலே கண்டறியப்பட்டது என்று எவரும் இதனைத் தவறாக விளங்கிக்கொள்ளலாகாது. அங்கே சமையல் தொடங்கவில்லை. சமையலுக்கு வேண்டிய பண்டங்கள் மட்டுமே குளிரிலே காப்பாகக் கிடக்கின்றன. பூமியிலே அப்பண்டங்கள் எப்போதோ பயன்பட்டு முடிந்துவிட்டன. மழையும் நெருப்பும் கடலும் உயிர்களும் அவற்றின் சுவடுகளை அழித்துவிட்டன. நாம் எதிலிருந்து வந்தோம் என்னும் கணக்கேட்டின் முதற்பக்கத்தை நம் வீட்டிலே காண முடியாது. அது எல்லைப் பனியிலே பத்திரமாக உள்ளது.

ஆகாயம் என்னும் பெயருடைய சிற்றுலகம்

அக்கணக்கேட்டின் மேலும் பழையதோர் ஏடு 2019ஆம் ஆண்டு புத்தாண்டு நாளிலே திறக்கப்பட்டது. புளூட்டோவைக் கடந்த தூதன், ஞாயிற்றிலிருந்து பூமியை விட 43 மடங்கு தொலைவிலே ஒரு சிற்றுலகை அணுகினான். நமது பேராதனை வீதி அளவிலே அது 4.3 கிலோமீற்றர் தூரம்; சிற்றுலகமோ கண்ணுக்குப் புலப்படாத ஒரு தூசி. தூதன் புறப்பட்ட காலத்திலே அப்படியொன்று உண்டென எவருக்கும் தெரியாது. 2014ஆம் ஆண்டிலேதான் ஹபிள் தொலைகாட்டி அதனைக் கண்டுபிடித்தது. அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியிலிருந்து அதற்கு அரொக்கொத் எனப் பெயரிட்டனர். ஆகாயம் என்பது அதன் பொருள்.

36 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வுலகம், இரண்டு உருண்டைகள் ஒட்டியது போன்ற வடிவுடையது. இரண்டும் மோதிச் சிதறியிருக்க வேண்டுமன்றோ? சிதறவில்லை, நசுங்கவும் இல்லை. ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மெல்ல நெருங்கி, மென்மையாகத் தொட்டு இணைந்தன. உலகங்கள் பெரும்மோதலாலேயே பிறந்தன என எண்ணியிருந்த பலருக்கு இது புதுப்பாடமாயிற்று. கூடி இணைதலும் உலகைத் தோற்றுவிக்கும். அரொக்கொத்தும் செந்நிறமுடையதே, அதன் பரப்பில் மெதனோல் பனிக்கட்டியும் காபன் சேர்மங்களும் உள்ளன. ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளாக எதுவும் அதனைப் பெரிதாக மாற்றவில்லை.

தூதன் இன்னும் சென்றுகொண்டிருக்கிறான். 2024ஆம் ஆண்டிலே பூமிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் போல 60 மடங்கைத் தாண்டிவிட்டான். நமது அளவிலே பேராதனைப் பூந்தோட்டத்தை எட்டிவிட்டான். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. மாணவர் அமைத்த தூசு எண்ணி, அத்தொலைவிலே எதிர்பார்த்ததினும் அதிகமான தூசியைக் காண்கிறதாம். கைப்பர் வளையம் நாம் கருதியதினும் அப்பாற் பரந்திருக்கலாம் என்பது அதன் குறிப்பு. அவ்வாய்வை முன்னின்று நடத்தியவரும் ஓர் ஆராய்ச்சி மாணவரே. புளூட்டோனியத்தின் வெப்பமோ ஆண்டுதோறும் குறைந்து வருகிறது; ஒருநாள் அக்குரல் ஓயத்தான் போகிறது. அதற்குப்பின் அவ்வெல்லைக்கு மற்றொரு தூதன் செல்ல வேண்டுமானால், இன்று வகுப்பிலிருப்போரே அதனை அமைக்க வேண்டும்.

யார் குரல் செல்லும்?

இங்கு மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1977ஆம் ஆண்டு ஏவப்பட்ட வொயேஜர் கலங்கள் இரண்டும், கார்ல் சேகன் முன்னின்று தயாரித்த பொன்முலாமிட்ட இசைத்தட்டுகளைச் சுமந்து செல்கின்றன. 55 மொழிகளில் வாழ்த்துகள் அவற்றிற் பதிவாகியுள்ளன. சிங்கள மொழியின் “ஆயுபோவன்” அதில் உண்டு. தெலுங்கும் கன்னடமும் உண்டு. தமிழ் இல்லை. அதற்காக எவரையும் குறைகூறுவதற்கில்லை. குறுகிய காலத்திலே, அருகிற் கிடைத்தவர்களின் குரலையே அவர்கள் பதிந்தனர். அருகிலே தமிழ்க் குரல் இருக்கவில்லை; அவ்வளவே. நம்மோடு கூடி வாழும் மக்களின் வாழ்த்து விண்மீன்களை நோக்கிச் செல்வது நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும், வேலை நடக்கும் இடத்தில் இருப்பவனின் குரலே பயணத்திற் சேரும் என்னும் உண்மையை நாம் மறந்துவிடலாகாது.

இப்போது அம்மாணவனின் கேள்விக்குத் திரும்புகிறேன். தம்பி, அங்கே சோறு இல்லை என்பது மெய்தான். ஆனால் சோறும், அதனை உண்ணும் நீயும், உன்னைப் பெற்ற தாயும் எந்தப் பொருளிலிருந்து தோன்றினீர்களோ, அப்பொருளின் பழைய இருப்பு அங்கேதான் உள்ளது. ஆலங்கட்டி மழையால் பயிரை இழந்த குடும்பத்துப் பிள்ளை அவ்வுலகைக் கண்டான். பதினொரு வயதுச் சிறுமி அதற்குப் பெயரிட்டாள். அகதியாய் வந்த பெண் அதன் கூட்டத்தைக் காட்டினாள். காலியிலே பிறந்து சென்னையிலே தத்துவம் படித்தவர், அதன் நிறத்தை விளங்கிக்கொள்ள வழிசெய்த அறிவியலை வளர்த்து, நீ நாள்தோறும் காணும் ஹந்தானைச் சாரலிலே வந்தமர்ந்தார். இவர்களுள் எவருக்கும் வசதி வழிவிடவில்லை, கேள்வியே வழிவிட்டது.

நீயும் ஒரு கேள்வி கேட்டாய். அதனை இழந்துவிடாதே. வானம் தெளிந்த இரவொன்றிலே, தோட்டத்து விளக்குகளுக்கு அப்பாற் சென்று மேலே பார். புளூட்டோ உன் கண்ணுக்குத் தெரியாது; தூதனும் தெரிய மாட்டான். ஆயினும் அவ்விருளில் எங்கோ, மாணவர் கையாற் செய்த ஒரு கருவி தூசியை எண்ணிக்கொண்டு போகிறது என்பதை நினை. பின்னர் வீட்டுக்குச் சென்று, நாளைய கணக்கைச் செய்.